முதல் தேர்தல் சேரியில் நடக்கட்டும்

தோழர்களே,

அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு நாள் இருக்கிறது. கூட்டணிப் பேச்சு, சீட்டுப் பேரம், சுவர் பிடிக்கிற வேலை எதுவும் நம் வட்டாரத்தில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்துவிட்டால் யார் பேச்சும் யார் காதிலும் ஏறாது. அதனால்தான் இந்த இதழின் தலையங்கத்தைத் தேர்தலுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறேன்.

உப்பிலியபுரம், துறையூர்ப் பக்கத்து நம் இளைஞர்கள் கொஞ்ச நாளாக ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். "பஞ்சாயத்துக்கு நின்னாச்சு, வார்டு மெம்பருக்கு நின்னாச்சு, நம்மாளு ஒருத்தரு பார்லிமெண்டுக்கு நின்னா என்ன?" நிற்கலாம், நிற்க வேண்டும். ஆனால் யார் நிற்பது, எந்தக் கட்சி சீட்டுத் தரும், எவ்வளவு செலவாகும் என்று பேச்சு உடனே அந்தப் பக்கம் போய்விடுகிறது. முதன்முதலாக நிற்கப்போகிறவர் எதை முன்னால் வைத்து நிற்பார், எதை விட்டுக்கொடுக்க மாட்டார், அதை முதலில் யார் முன்னால் சொல்வார் என்று யாரும் கேட்கக் காணோம். என் கவலை அதுதான்.

முதலில் நம் காலடி மண்ணைப் பார்ப்போம். உப்பிலியபுரம் 2006 சட்டமன்றத் தேர்தல் வரை பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்காக ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்போது மூன்று பழங்குடித் தொகுதிகள் இருந்தன. தொகுதிகளை மாற்றி வரைந்தபோது உப்பிலியபுரம் என்ற தொகுதியே இல்லாமல் போனது. இன்று ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும்தான் மிச்சம். மக்களவையிலோ தமிழ்நாட்டுப் பழங்குடிக்கு ஒரு தனித்தொகுதிகூடக் கிடையாது. உப்பிலியபுரம் இப்போது துறையூர் தனித்தொகுதிக்குள் இருக்கிறது. துறையூர், பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது.

அந்தப் பெரம்பலூர் 2004 தேர்தல் வரை நமக்கான தனித்தொகுதி. 1996இல் அங்கே முதன்முதலாக மக்களவைக்கு நின்று வென்றவர் ஆ.இராசா. 1999, 2004 தேர்தல்களிலும் அங்கேதான் வென்றார். 2009இல் பெரம்பலூர் பொதுத்தொகுதி ஆனது. அவர் நீலகிரிக்குப் போய்விட்டார், நீலகிரி தனித்தொகுதி. பெரம்பலூரில் அதற்குப் பிறகு வென்றவர்களில் ஒருவர் நடிகர், ஒருவர் கல்வி நிறுவனங்களின் அதிபர், 2024இல் வென்றவர் தி.மு.க. அமைச்சராக இருந்தவரின் மகன். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது என் பேச்சு அல்ல. 'தனி' என்ற பலகையைக் கழற்றியதும், ஒன்றிய அமைச்சராக இருந்த ஒரு தலித்கூட வேறு தனித்தொகுதியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 'பொது' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன பொருள் என்று இதற்கு மேலா விளக்க வேண்டும்?

தனித்தொகுதி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள 1932க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு மாகாண சட்டசபைகளில் 71 இடம் கொடுத்தது. எண்ணிக்கை குறைவு. ஆனால் அந்த இடங்களுக்கு நாம் மட்டுமே ஓட்டுப் போடுவோம். பொதுத்தொகுதியிலும் நமக்கு இன்னொரு ஓட்டு உண்டு. எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தார். 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பக்கத்திலிருந்து அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கையெழுத்துப் போட்டார்கள். 71 இடம் 148 ஆனது, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை இரட்டிப்பானது, ஓட்டு கைமாறியது. ஆள் நம்மாளு, அவரைத் தேர்ந்தெடுக்கிறது ஊர். தொண்ணூறு ஆண்டு தாண்டியும் இந்தக் கணக்கு மாறவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் எல்லோரும் மறந்துபோன ஒரு பிரிவு உண்டு. ஒவ்வொரு தனித்தொகுதியிலும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் பிறகு ஊரும் சேரியும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். இதற்கு முதனிலைத் தேர்தல் என்று பெயர். 1937, 1946 தேர்தல்களில் இந்த ஏற்பாடு இருந்தது. 1946இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியார் கூட்டமைப்பினர் பல இடங்களில் முதனிலைத் தேர்தலில் முன்னால் வந்தார்கள், இறுதித் தேர்தலில் தோற்றுப்போனார்கள். சேரி தேர்ந்தெடுத்த ஆளை ஊர் கழித்துக் கட்டியது. ஆனால் யாரைக் கழித்தது என்பதாவது அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தபோது அந்த முதனிலைத் தேர்தலும் இல்லை. இன்று தனித்தொகுதி வேட்பாளரை முடிவு செய்கிற முதல் தேர்தல் எங்கே நடக்கிறது? கட்சித் தலைமை அலுவலகத்தில், மாவட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணையில். அங்கே சேரிக்கு ஓட்டு இல்லை.

இந்த இடத்தில் அம்பேத்கர் முதன்முதலாக மக்களவைக்கு நின்ற கதையைச் சொல்ல வேண்டும். 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டது, தாழ்த்தப்பட்டோரைப் புறக்கணித்தது, வெளிநாட்டுக் கொள்கை என்று காரணங்களை எழுதிவைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்கடுத்த மாதமே பட்டியல் சாதியார் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை வந்தது. அதை நம் வேட்பாளர்கள் படிக்க வேண்டும். முதலில் கொள்கை, பிறகுதான் திட்டம். தாழ்த்தப்பட்டோர் பிரச்சினையோடு அது நிற்கவில்லை. உற்பத்தி, மொழிவழி மாநிலம், காஷ்மீர், வெளியுறவு என்று நாட்டின் எல்லாக் காரியத்திலும் நமக்கு ஒரு கருத்து உண்டு என்று அது பேசியது. யாரோடு சேர மாட்டோம் என்பதையும் முன்கூட்டியே சொன்னது. தேர்தல் முடிந்த பிறகு பேரம் பேசிக்கொள்ளலாம் என்று அது கதவைத் திறந்து வைக்கவில்லை.

முடிவு என்ன? 1952இல் வடக்குப் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரிடம் அம்பேத்கர் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரை அந்த அரசியல் சட்டப்படி நடந்த முதல் பொதுத்தேர்தல் மக்களவைக்கு அனுப்பவில்லை. 1955இல் அவருடைய கூட்டமைப்பே சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதி முறையை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டது. அவ்வளவு கசப்பு. ஆனாலும் தோற்ற அம்பேத்கரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், வென்றவரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் கண்ணுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அங்கனூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தொல்.திருமாவளவன் அங்கே பிறந்த 1962இல் அது நம் திருச்சி மாவட்டம். தடயவியல் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே இயக்கம் நடத்தியவர். தொண்ணூறுகள் முழுக்க விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஓட்டுப் போடாதே என்று சுவரில் எழுதிய இயக்கம் 1999இல் ஓட்டுக் கேட்க முடிவெடுத்தது. வேலையை விட்டுவிட்டு, மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸ் அணியில் சிதம்பரம் தனித்தொகுதியில் நின்றார் திருமாவளவன். அந்த முடிவைப் பற்றி அன்றைக்குச் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இயக்கம் விலைபோய்விட்டது என்றார்கள். தேர்தல் என்பது சேற்றுக்குழி, இறங்கினால் கழுவ முடியாது என்றார்கள். அதில் பாதி நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆனால் அந்த செப்டம்பரில் சிதம்பரம் தொகுதியில் என்ன நடந்தது? சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. பல இடங்களில் நம் மக்களை ஓட்டுச்சாவடிக்கே போக விடவில்லை. அவ்வளவுக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் ஓட்டு விழுந்தது. தோல்விதான். ஆனால் ஓட்டுப் பெட்டி வெறும் சடங்கு என்றால் அதன் பக்கத்தில் போனதற்காக எவனாவது குடிசையைக் கொளுத்துவானா? சேரி தன் ஆளுக்குத் தானே போடுகிற ஓட்டில் ஊர் பயப்படுகிற ஏதோ ஒன்று இருக்கிறது. புறக்கணிப்புப் பேசிய தோழர்களுக்கு 1999 கொடுத்த பதில் அதுதான்.

அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால் மேலவளவில் இதையே ரத்தத்தில் எழுதினார்கள். தனி ஊராட்சியான பிறகு தலைவர் பதவிக்கு நின்று வென்றதற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரை பத்து ஆண்டுகள் ஒழுங்கான ஊராட்சித் தேர்தலே நடத்த விடவில்லை. நம்மாளு நிற்பது என்றால் ஒரு மனுத்தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும் அல்ல. அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் கூரையும் சேர்ந்தே பந்தயத்தில் வைக்கப்படுகிறது.

2019 ஏப்ரல் 18இல் ஓட்டுப் பதிவு நாளில் அதே சிதம்பரம் தொகுதியில் பொன்பரப்பியில் நம் மக்களின் வீடுகளை உடைத்தார்கள். இருபது ஆண்டு கழிந்தும் அதே செய்தி. அந்தத் தேர்தலில் திருமாவளவன் வென்றது 3,219 ஓட்டில். கூட்டணியின் பெரிய கட்சிச் சின்னத்தில் நின்றிருந்தால் சுலபமாக வென்றிருப்பார் என்றார்கள். அவர் பானைச் சின்னத்தில்தான் நின்றார். 2024இலும் பானைதான். 1999இல் தொடங்கிய ஆள் பானைச் சின்னத்துக்கு வந்து சேர இருபது ஆண்டு ஆகியிருக்கிறது.

சின்னத்தில் என்னய்யா இருக்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சியின் சின்னத்தில் வென்றாரோ அந்தக் கட்சியின் கொறடா சொல்கிற பக்கம்தான் ஓட்டுப் போட வேண்டும். மீறினால் பதவி போகும். நம் உரிமையை வெட்டுகிற ஒரு மசோதா வருகிறது, கட்சி அதை ஆதரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவல் சின்னத்தில் போனவர் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்கு வரத் துணிவு இருக்கிறதா என்று அவரை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்கிற இடம் எது? இங்கேதான் என் யோசனை. பூனா ஒப்பந்தத்தில் இருந்து, பிறகு இல்லாமல் போன அந்த முதனிலைத் தேர்தலை நாமே நடத்துவோம். சட்டம் அதைக் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், பெரம்பலூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்ததுதான் நம் மக்களவைத் தொகுதி. ஆறிலும் கூட்டம் போடுவோம். நிற்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் வந்து பேசட்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கட்சி இல்லாதவராக இருந்தாலும் சரி. பேசி முடித்ததும் சீட்டில் எழுதிப் போட்டு எண்ணுவோம். கையைத் தூக்கச் சொன்னால் வேலை கொடுக்கிறவன் முகத்தையும் கடன் கொடுத்தவன் முகத்தையும் பார்த்துத்தான் தூக்குவோம், சீட்டுத்தான் நல்லது. கட்சிகள் நம் முடிவை ஏற்குமா என்று கேட்காதீர்கள். சேரி தேர்ந்தெடுத்த ஆள் இன்னார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, வேறு ஒருவரைக் கொண்டுவந்து இறக்குகிற கட்சி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அந்தச் சங்கடம்கூட அவர்களுக்கு இல்லை.

அந்தக் கூட்டத்தில் என்ன கேட்பது? நான் கேட்கப்போவதைச் சொல்கிறேன். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பணம். நம்மவர் கட்டுகிற டெபாசிட் 12,500 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000. ஆனால் ஒரு மக்களவை வேட்பாளர் சட்டப்படியே 95 லட்சம் வரை செலவு செய்யலாம். கணக்கில் வராதது எவ்வளவு என்று நம் தெருவில் கவர் வாங்கினவர்களைக் கேட்டால் தெரியும். அவ்வளவு பணத்தை யாரோ ஒருவர் போட்டால் அவருக்குத்தான் எம்.பி. பதில் சொல்வார். ஆகவே வேட்பாளர் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயையும் தெருவில் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். ஓட்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. நம்மிடமிருந்து பத்து ரூபாய், இருபது ரூபாய் கேட்டு வாங்க வேண்டும். கொடுத்தவன்தான் பிறகு சட்டையைப் பிடித்துக் கேட்பான்.

இரண்டு, காலனிக்குள் இருக்கிற காலனி. நம்மில் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று மூன்று தெரு. ஊர் நம்மை வைத்த தூரத்தில் நாம் அருந்ததியரை வைத்திருக்கிறோம். 2009இல் தமிழ்நாட்டு அரசு அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தபோது, "நம்ம பங்கைப் பிடுங்குறாங்க" என்று நம் திண்ணையிலேயே பேசியதை நான் கேட்டிருக்கிறேன். முதல் ஓட்டை அருந்ததியர் தெருவில் போய்க் கேட்கிறவர்தான் என் வேட்பாளர். பச்சைமலை மக்களையும் அப்படித்தான். தொகுதியை இழந்தவர்கள் அவர்கள். மலைக்கு அவர் கடைசி நாளில் போகக் கூடாது.

மூன்று, பெண்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றால் நம் பெண்களை வேனில் ஏற்றுகிறோம். மேடையில் ஏற்றுவதில்லை. நிற்கப்போகிறவர் ஏன் ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது என்ற கேள்வியும் அந்தக் கூட்டத்தில் வர வேண்டும். ஆண்தான் நிற்கிறார் என்றால், தேர்தல் வேலைக் குழுவில் பாதிப் பேர் பெண்களா, வீட்டில் அவர் எப்படி, குடி உண்டா என்பதைப் பெண்கள் கேட்கட்டும். இதைப் பொதுவாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று யாரும் தள்ளக் கூடாது.

நாலு, குடிசை எரிகிற ராத்திரி எங்கே இருப்பீர்கள்? தேர்தலில் வென்றாலும் தோற்றாலும் அடி வாங்குவது சேரிதான். வேட்பாளர் பாதுகாப்பாகச் சென்னைக்குப் போய்விடலாம், சேரி எங்கே போகும்? முன்கூட்டியே எந்தெந்தச் சாவடியில் ஆபத்து என்று எழுதிக் கொடுத்து, எஸ்.பி. அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் தேர்தல் ஆணையத்திலும் முத்திரை வாங்கி வைக்கிற வேலையைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். வீரவசனத்தைக் காட்டிலும் அந்த முத்திரைத் தாள் நமக்கு உதவும்.

இந்த நாலுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம்தான் டெல்லிக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். ரோடு போடுவேன், தண்ணித் தொட்டி கட்டுவேன் என்று பதில் வந்தால் அவரைப் பஞ்சாயத்துக்கே அனுப்பலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி. அதில் 15 சதவீதம் நம் குடியிருப்புகளுக்கும் ஏழரை சதவீதம் பழங்குடிப் பகுதிகளுக்கும் என்று வழிகாட்டு நெறியே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் நாடாளுமன்றம் தொட்டி கட்டுகிற இடம் இல்லை. சட்டம் செய்கிற இடம்.

சட்டம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2018ஐப் பாருங்கள். மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. புகார் கொடுத்ததும் வழக்குப் பதியத் தேவையில்லை, முன் விசாரணை செய்யலாம், கைது செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்றது. ஏப்ரல் 2இல் வடநாடு முழுக்க நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. தெருவில் செத்தவர்கள் இல்லாமல் நாடாளுமன்றம் அசைந்திருக்காது. நாடாளுமன்றம் இல்லாமல் அவர்களுடைய சாவு சட்டமாகியிருக்காது. தெருவா நாடாளுமன்றமா என்று நமக்குள் முப்பது ஆண்டாக நடக்கிற சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் முதன்முதலாகப் போகிறவரின் முன்னுரிமை என்னவாக இருக்க வேண்டும்? மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 2014இல் பத்து லட்சம் என்ற நீதிமன்றம் 2023இல் முப்பது லட்சம் என்றது. செத்த பிறகு கொடுக்கும் விலைதான் ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. இறக்கிவிட்ட அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று அவையில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்கிற ஒரு குரல் வேண்டும்.

அடுத்தது நம் பெயரில் ஒதுக்குகிற பணம். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது எழுபதுகளிலிருந்து பேசுகிற கொள்கை. ஆந்திரம் 2013இல் அதற்குச் சட்டமே செய்தது, தமிழ்நாடு 2024இல் செய்தது. நாடாளுமன்றம் இப்படி ஒரு சட்டத்தை இயற்றவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் நம் பங்கைப் பொதுச் செலவில் கரைத்துவிட்டு நமக்கே செலவு செய்ததாகக் கணக்குக் காட்டலாம். ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டுவருவேன் என்று வேட்பாளர் சொல்லட்டும்.

கிறிஸ்தவத் தோழர்களின் வழக்கும் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைச் சாதி பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். செத்தும் விடாத சாதி அது. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறியவருக்குச் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தவர்கள் கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆணையைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். பெரம்பலூர், திருச்சிப் பக்கத்து வேட்பாளர் இதில் நழுவிப் பேசினால் அவர் நம் ஓட்டில் ஒரு பகுதியை ஏமாற்றுகிறார்.

மலைக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். கீழே வயல்காட்டுக்கு 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம். அதே நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நூறு நாள் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தது. நாள் 125 என்றார்கள், செலவில் மாநிலத்தின் பங்கைக் கூட்டினார்கள். துறையூர் வட்டாரத்தில் மண்வெட்டியோடு வரிசையில் நின்றவர்கள் சேரிப் பெண்கள் மட்டுமா? ஊர்த்தெருப் பெண்களும்தான். இங்கேதான் பொதுத்தொகுதியில் நிற்கிற நம்மாளுக்கு ஊரிடம் பேச ஒரு மொழி கிடைக்கிறது.

இதைச் சொல்லும்போது என் தோழர்கள் சிலர் ஒரு புத்தி சொல்வார்கள். "ஊர் ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாது. தேர்தல் வரைக்கும் சாதிப் பேச்சைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க." ஊர் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பது உண்மை. பொதுத்தொகுதியில் நிச்சயமாக முடியாது, தனித்தொகுதியிலும் முடியாது. அதனால் ஊருக்குள் போக வேண்டும், ஒவ்வொரு தெருவுக்கும் போக வேண்டும். ஆனால் கூனிக்கொண்டு போகக் கூடாது. கூலிக்கும் வேலைக்கும் பிள்ளை படிப்புக்கும் உங்களோடு சேர்ந்து நிற்பேன். டீக்கடையில் தனிக் குவளை வைத்தால், கோயில் தெருவில் நடக்க விடாமல் தடுத்தால் உங்கள் மீதே வழக்குப் போடுவேன். இரண்டையும் ஒரே மேடையில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். சேரியில் ஒரு பேச்சு, ஊரில் ஒரு பேச்சு என்று போகிறவர் வென்றாலும் நமக்கு ஆகாது. ஊர் கொடுத்த ஓட்டை ஊரே ஐந்து ஆண்டும் சொல்லிக்காட்டும், அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

இன்னொரு பக்கத்துத் தோழர்களும் கோபப்படுவார்கள். தேர்தலே மோசடி, அதற்கு ஒரு ஒத்திகை வேறா என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, இந்த முதனிலைக் கூட்டங்களுக்கு நீங்களும் வாருங்கள். யாரையும் நிறுத்த வேண்டாம் என்று சீட்டில் எழுதிப் போடுங்கள். அதையும் எண்ணுவோம். புறக்கணிப்பு என்றாலும் அது சேரி எண்ணிப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். யாரோ நாலு பேர் சுவரில் எழுதி முடிவு செய்கிற காலமும் வேண்டாம், யாரோ ஒரு மாவட்டச் செயலாளர் முடிவு செய்கிற காலமும் வேண்டாம்.

இப்படியெல்லாம் கேட்டு அனுப்பினால் முதல் தடவையே ஜெயிப்பாரா? ஜெயிப்பது கஷ்டம்தான். பொதுத்தொகுதியில் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட்டே திரும்பும். ஆனால் அம்பேத்கர் தோற்ற தேர்தலில் எழுதிவைத்த அறிக்கை இன்றும் நமக்குப் பாடமாக இருக்கிறது. 1999இல் சிதம்பரத்தில் விழுந்த இரண்டேகால் லட்சம் ஓட்டு இல்லாமல் 2009இல் அந்தத் தொகுதியில் கிடைத்த வெற்றி இல்லை, பானையும் இல்லை. கொள்கையோடு தோற்றவருக்கு அடுத்த தேர்தல் உண்டு. கொள்கையை விற்று வென்றவரால் அடுத்த தேர்தலில் நம் தெருவுக்குள் நிமிர்ந்து வர முடியாது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள். சமுதாயக் கூடம் பூட்டியிருந்தால் வேப்பமரத்தடி போதும். சீட்டுக்குத் தாளும் எண்ணுவதற்கு இரண்டு பெண்களும் இருந்தால் போதும். நீங்கள் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் நமது இதழுக்கு எழுதி அனுப்புங்கள், ஒன்று விடாமல் அச்சிடுகிறேன். டெல்லிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நம் முன்னால் வந்து நிற்கட்டும்.

ஜெய்பீம்.

ஆசிரியர்
உப்பிலியபுரம்